கறுப்பு வயரில் போட்ட சுவிச்

என் கணவரின் தமையனை எனக்குப் பிடிக்காது. கல்யாணமாகி வந்த முதல் கிழமையே பிடிக்காமல் போய்விட்டது. பக்கத்து வளவில்தான் இருக்கிறார். என் கணவர் அவருடைய படகில்தான் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறார். அதனால் எங்கள் வீட்டிலும் அவர் வைத்ததுதான் சட்டம்.

வான் மட்டும் என்னுடையது. சரவணை ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளை ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகிறேன். பழைய வான். ஓடும்போது சூடு ஏறாது. ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் பிள்ளை வரும்வரை நின்றால் சூடு காட்டுகிற முள் மேலே போய்விடும். ரேடியேற்றருக்கு முன்னால் மின்விசிறி ஒன்று பூட்டினால் சரிவரும் என்றார்கள். உடைத்த கார் ஒன்றிலிருந்து வாங்கி வந்தேன். பூட்டக் கராஜுக்குப் போக இருந்தபோது, நான் அத்தான் என்று கூப்பிடுகிற அந்தத் தமையன் வேலியைத் தாண்டி வந்துவிட்டார். யார் கூப்பிட்டது?

கராஜில் பூட்டுவதுபோல இரும்புச் சட்டம் வைத்து அவர் பூட்டவில்லை. தேய்ந்த செருப்பை வெட்டி நான்கு ரப்பர்த் துண்டு வைத்து, வலை கட்டுகிற நைலோன் நூலால் விசிறியை இறுக்கிக் கட்டினார். சிவப்பு வயரைப் பற்றரியில் நேரே கொடுத்துவிட்டு, மின்சாரம் திரும்பிப் போகிற கறுப்பு வயரில் சுவிச்சைப் போட்டார். எனக்கு உறுத்தியது. முன்பு ஹோர்ன் திருத்தியவர், வானின் இரும்பு உடம்பு முழுவதுமே பற்றரியின் கறுப்புப் பக்கத்தோடு சேர்ந்த ஒரு வயர்தான் என்று சொல்லியிருந்தார்.

"அத்தான், சுவிச்சைச் சிவப்பிலயெல்லோ போட வேணும்? கறுப்புக்குப் பதிலா வானின்ர உடம்பே இருக்குதே."

"பதினைஞ்சு வருசமாப் போட்டில லைட் கட்டுறன். எந்த வயரில சுவிச் போட்டாலும் லைட் பத்தும், நூரும். நீர் போய்த் தேத்தண்ணி போடும்."

படகு ஃபைபர், அதில் மின்சாரம் ஓடாது. அங்கே அவர் சொல்வது சரி. என் வான் இரும்பு. அதைச் சொல்ல வாயெடுத்தேன். என் கணவர் கண்ணைக் காட்டினார். போய்த் தேத்தண்ணி போட்டேன்.

இரண்டு மாதம் விசிறி ஒழுங்காக ஓடியது. வந்து போகிறவர்களிடமெல்லாம் அவர் தன் கைவேலையைக் காட்டினார்.

சாதாரண தரப் பரீட்சையின் முதல் நாள். ஏழு பெண்பிள்ளைகள் என்னை நம்பிப் படலையில் நிற்கிறார்கள். வானில் ஏறித் திறப்பைப் போட்டுத் திருகினேன். 'டிக்' என்றது, அவ்வளவுதான். இறங்கி முன்னால் பார்த்தால், சுவிச் நூர்ந்திருக்க, விசிறி சாகக்கிடக்கிற ஈபோல ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. சூட்டிலும் அதிர்விலும் செருப்பு ரப்பர் தேய்ந்து, விசிறியின் இரும்புக் கூடு ரேடியேற்றரைத் தாங்குகிற இரும்பில் முட்டியிருந்தது. கறுப்பு வயர் இனித் தேவையில்லை. வானின் உடம்பே அந்த வேலையைச் செய்தது. சோளகக் காற்றின் இரைச்சலில் யாருக்கும் கேட்காமல், விடியும்வரை ஓடிப் பற்றரியைக் குடித்திருந்தது.

பேருந்து போய்விட்டது. பரீட்சைக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

வேலியைத் தாண்டினேன். இரவுத் தொழில் முடித்துக் கடலால் வந்த அத்தான் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய படகுப் பற்றரி விறாந்தையில் சார்ஜில் கிடந்தது. கழற்றித் தூக்கி வந்து வானில் வைத்தேன். விசிறியின் சிவப்பு வயரைக் குறட்டால் வெட்டி எறிந்தேன். வான் ஒரே திருகலில் எழும்பியது. முள்ளைப் பார்த்துப் பார்த்து, ஒரு படலையிலும் தாமதிக்காமல் ஓடினேன். கடைசிப் பிள்ளை உள்ளே போனதும் பள்ளிக்கூடக் கேற்றைச் சாத்தினார்கள்.

பற்றரியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பரீட்சை முடியப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும், அடுத்த நாளும் ஏற்ற வேண்டும். பற்றரி இல்லாமல் அன்று அவர்களின் படகு கடலுக்குப் போகவில்லை. என் கணவர் முற்றத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அத்தான் வேலியடியில் நின்று கத்தினார்.

"களவெடுத்தனீரே! ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு எடுத்திருக்கலாமெல்லோ?"

"கேட்டனான் அத்தான்," என்றேன். "சுவிச் போட்ட அண்டைக்கு. நீங்கள்தான் தேத்தண்ணி போடச் சொன்னீங்கள்."