வெள்ளைத் துண்டில் விழுந்த வட்டம்

கல்லூரிப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசோடு எனக்குப் போர்த்திய வெள்ளைக் கைத்தறித் துண்டை, வீட்டில் ஒருவரையும் தொட விட்டதில்லை. எந்த அவையையும் சொல்லால் வென்றுவிடலாம் என்று நான் உறுதியாக நம்பிய வயது அது. என் முதல் தோல்வி எங்கள் கிணற்றங்கரையிலேயே காத்திருந்தது.

பெரியபாளையம் போகும் மண்சாலையை ஒட்டியது எங்கள் வயல். சொர்ணவாரிப் பருவ நெல் பால் பிடிக்கும் தருணத்தில், கிணற்றில் நீர் இறைக்க அப்பா புதிதாக வாங்கிய டீசல் எஞ்சின் கரும்புகை கக்கித் திணறியது. ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் அதன் காற்று வடிகட்டியைக் கழற்றி மூலையில் ஒதுக்கி வைத்தான். புகை நின்றது, எஞ்சின் கணீரென்று ஓடியது.

"பாத்தியா நைனா? மூக்க அடச்சிக்கினு இருந்துது. இப்போ எப்டி மூச்சு உடுது பாரு!" என்று அப்பாவிடம் பெருமையடித்தான்.

எஞ்சினோடு வந்த கையேட்டை வரிவிடாமல் படித்திருந்தவள் நான். வடிகட்டியின்றி ஓடினால் புழுதி உள்ளே புகுந்து பிஸ்டனைத் தேய்த்துவிடும், ஓராண்டு தாங்காது என்று ஏற்ற இறக்கத்தோடு கால்மணி நேரம் முழங்கினேன்.

"யார்னா சோடா கொண்டாங்கப்பா பேச்சாளருக்கு!" என்றான் அண்ணன். அப்பாவும் சிரித்துவிட்டார். "பயிரு காயுது. ஓடற எஞ்சின நிறுத்தச் சொல்றியாமா?"

மறுநாளும் எஞ்சின் அப்படியே ஓடியது. ஞாயிறு விடிந்தபோது பெரியபாளையம் கோயிலுக்குப் போகும் மாட்டு வண்டிகள் சாலையை நிறைத்தன. புழுதி ஆளுயரம் எழுந்தது. என் துண்டை எடுத்துச் சென்று, காற்று இழுக்கும் குழாயின் திறந்த வாயில் ஒற்றை மடிப்பாக இழுத்துக் கட்டினேன்.

"நல்ல துண்டுமே, பேஜாராயிடும்!" என்று பதறினான் அண்ணன்.

"உச்சிப் பொழுது வரைக்கும் ஓடட்டும் நைனா. துண்டு வெளுப்பாவே இருந்தா நான் வாயத் தொறக்கல."

உச்சிவேளையில் அவிழ்த்தேன். வெண்மையின் நடுவே குழாயின் வாயளவுக்குச் செங்கல் நிறத்தில் ஒரு வட்டம்! அப்பா அதை இரு விரலால் கிள்ளித் தேய்த்தார். நறநறத்தது. "ரெண்டு நாளா இதுவாடா உள்ள போய்க்கினு இருந்துது?" அண்ணன் தானே எஞ்சினை நிறுத்தினான்.

மூலையிலிருந்த வடிகட்டியை எடுத்தேன். புழுதியைப் பிடிக்க ஊற்றும் எண்ணெய், அடிக்கிண்ணத்தில் விளிம்பு வரை நின்றது; அதற்குக் கீழே களிம்பாகச் சேறு.

"நெறய ஊத்துனா நல்லதுன்னு நெனச்சேன்" என்றான் அண்ணன்.

அந்த நல்லெண்ணமே எஞ்சினின் மூச்சை அடைத்திருந்தது. கம்பி வலையை மண்ணெண்ணெயில் அலசி உலர்த்தினேன். கிண்ணத்தைத் துடைத்து, உள்ளே குறித்திருந்த கோடு வரை, ஒரு சொட்டும் மிகாமல், புது எண்ணெய் வார்த்துப் பூட்டினேன். அண்ணன் கைப்பிடியைச் சுழற்றினான். எஞ்சின் பிடித்துக்கொண்டது, புகைப்போக்கியில் கரும்புகை இல்லை, தொட்டியில் தண்ணீர் குதித்து விழுந்தது.

"பொண்ணு ஜெயிச்சிட்டா" என்றார் அப்பா. எந்த நடுவரின் தீர்ப்பும் என் காதில் அத்தனை இனிமையாக ஒலித்ததில்லை.

துண்டின் கறை எத்தனை வெளுத்தும் போகவில்லை. அடுத்த மேடைக்கு அதையே போர்த்திச் சென்றேன்.

அடுத்த ஞாயிறு காலை, கிணற்றங்கரையில் கழற்றிய வடிகட்டியும் மண்ணெண்ணெயுமாகக் குந்தியிருந்த அண்ணன் வீட்டை நோக்கிக் கத்தினான்:

"கோடு வரைக்கும்தானேமே?"

காதில் விழவில்லை என்று சொல்லி, இன்னொரு முறை கேட்க வைத்தேன்.