ரோட்டைப் பார்த்தவர்

செஞ்சியில் என் ரிப்பேர் கடைக்குப் புல்வெட்டும் மெஷினோடு அவர் மறுபடியும் வந்தார். வல்லத்துக்காரர், நரைத்த மீசை, தனியாள்.

"நரம்பு நெறைய வந்துடுதுப்பா. சீக்கிரம் தீந்துபூடுது."

நரம்பு என்பது மெஷினின் தலையில் சுழன்று புல்லை வெட்டும் நைலான் இழை. ஸ்பிரிங்கை ஏற்கெனவே மாற்றியிருந்தேன். அதனால் இந்த முறை அவர் நிலத்துக்கே போய், அவர் புல் வெட்டுவதைக் கவனித்தேன். அடிக்கடி ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கும்போதெல்லாம் கை தாழ்ந்து, மெஷினின் தலை தரையில் தட்டியது. தட்டினால் நரம்பு வெளியே வரும். அதன் அமைப்பே அப்படி.

"மெஷின்ல கோளாறு இல்ல நைனா. ரோட்டப் பாக்கறப்ப கீழ தட்டிடறீங்க. யாருனா வராங்களா?"

"பையன் வரன்னு சொன்னான்."

"இன்னிக்கா?"

"பொங்கலுக்கு."

அப்போது ஆடி மாதம் நடந்துகொண்டிருந்தது. பொங்கலுக்கு இன்னும் ஐந்து மாதத்துக்கு மேல் இருந்தது. பைக்கில் கிளம்பி, ரோட்டுத் திருப்பத்தில் திரும்பிப் பார்த்தேன். மெஷினை அணைத்துவிட்டு, நான் மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.