முதுகில் ஒட்டிய சிறுநீரகம்

"கையைத் தூக்குங்க" என்றாள்.

தையல்காரர் தூக்கினார். சட்டையின் மேல், வலது விலாவுக்குக் கீழே ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டி, ஓரம் பிரியாமல் கட்டைவிரலால் அழுத்தினாள். அதில் 'ஹெபட்' என்று எழுதியிருந்தது.

"இது என்ன?"

"கல்லீரல்."

"நேத்து இதே இடத்துக்குப் பக்கத்துல வேற என்னமோ ஒட்டினியே?"

"அது வயிறு. காஸ்ட்ரோ. திரும்புங்க, முதுகு வேணும்."

"ஏம்மா, நாங்களும்தான் ஆளை நிக்கவச்சு அங்க இங்க தொட்டுப் பார்க்கிறோம். கடைசில ஒரு சட்டையாவது தர்றோம்."

ஊரில் பாதிப் பேருக்கு அளவெடுத்த மனிதர் அவர். கழுத்து, தோள், மார்பு, இடுப்பு என்று உடம்பை வெளியே ஒரு சுற்று சுற்றிவருவதோடு அவருடைய அறிவு நின்றுவிட்டது. உள்ளே என்ன இருக்கிறதென்று எந்த வாடிக்கையாளரும் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை. இப்போது கடை திறக்கப் புறப்பட்டவரை நடுக்கூடத்தில் மறித்து, துணிக்கடை பொம்மை மாதிரி நிறுத்தி, மனைவி உள்ளே இருப்பதை எல்லாம் வெளியே ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று அவளுக்குப் பரீட்சை.

கல்யாணமான புதிதில் தரை துடைப்பவளாக அந்த ஆஸ்பத்திரிக்குள் போனவள். அந்தக் கட்டடத்தை ஒரே மூச்சில் கட்டவில்லை. பணம் வந்தபோதெல்லாம் ஒரு பக்கம் நீட்டினார்கள். நீட்டியவர்கள் ஒருவரையொருவர் கலந்து பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒரு தாழ்வாரம் போய்ச் சுவரில் முட்டும். இன்னொன்று மாடியேறி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். துடைத்துத் துடைத்து அவளுக்கு எல்லா வழியும் பாதத்தில் பதிந்துபோயிற்று. ஒருமுறை கண் காட்ட வந்த பெரியவர் மதியம் வரை பிரசவ வார்டில் உட்கார்ந்திருந்தார். பாலும் ரொட்டியும் கொடுத்திருக்கிறார்கள், சாப்பிட்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் அவள் வாசலில் நின்று, வருகிறவர்களின் சட்டையில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி 'கண்', 'பல்', 'எலும்பு' என்று எழுத ஆரம்பித்தாள். நிர்வாகத்துக்குப் பிடித்துவிட்டது. மஞ்சள் ஸ்டிக்கர் ரோல் அச்சடித்துக் கொடுத்தார்கள். துடைப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவள் ஸ்டிக்கரக்கா.

ட்ராலி தள்ளுகிறவர்களுக்கு அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள்: நோயாளியின் வாயைக் கேட்காதே, ஸ்டிக்கரைப் பார். நோயாளிகள் வழியிலேயே மனதை மாற்றிக்கொள்வார்கள். எந்த அறை வாசலில் கூட்டம் குறைவோ அங்கேதான் தனக்கு நோய் என்பார்கள். சொன்ன இடத்தில் இறக்கிவிட்டு, பிறகு தேடிக்கொண்டு அலைய யாரால் முடியும்?

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, புது மேலாளர் வரும்வரை. வந்தவர் ஒரு ஸ்டிக்கரைப் பிய்த்துக் கையில் வைத்துப் பார்த்தார். "பல்னு எழுதியிருக்கீங்க. பெட்டிக்கடை போர்டு மாதிரி இருக்கு" என்றார். இனிமேல் மருத்துவச் சொல்தான். வாசலில் கண்ணாடித் தடுப்பு, அதற்குள் ஒரு மைக், ஒரு நாற்காலி. வகுப்புக்கு வந்து பரீட்சையில் தேறுகிறவருக்கு அந்த இடம். தேறாதவர்களுக்குக் கீழே சலவைக் கூடம்.

மைக்கைப் பற்றி அவளுக்கு ஒன்றுமில்லை. நாற்காலிதான். அவளுடைய முழங்கால்கள் படிக்கட்டைக் கண்டாலே முறைத்துக்கொள்ள ஆரம்பித்துச் சில வருஷமாகிறது. சலவைக் கூடத்தில் யாரும் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. ஈரப் போர்வை மூட்டையும் நீராவியும்தான் அங்கே.

வகுப்பெடுக்க ஒரு இளம் நர்ஸ் வந்தாள். எல்லாரும் அவளை மிஸ் என்றார்கள். எவ்வளவு நீளமான சொல்லானாலும் பயப்படாதீர்கள், பிரித்துவிடலாம் என்றாள் மிஸ். முன்னால் ஒரு துண்டு, நடுவில் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு. இதை வீட்டில் சொன்னபோது தையல்காரர் ஊசியில் நூல் கோர்த்தபடியே, "காலர், உடம்பு, ஓரமடிப்பு. இதுக்கா பரீட்சை?" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதிலிருந்து அவளுக்குப் பயம் போய்விட்டது. பின்னால் 'ஐட்டிஸ்' வந்தால் வெந்து வீங்கியிருக்கிறது. 'எக்டமி' வந்தால் வெட்டி எடுத்துவிட்டார்கள். 'ஆல்ஜியா' என்றால் வலி. எக்டமி அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. செய்தி சத்தமாக ஓடும்போது, "இப்ப அணைக்கிறீங்களா, இல்ல டீவியை எக்டமி பண்ணட்டுமா?" என்பாள்.

ஒரே ஒரு விஷயம்தான் அவளுக்கு விளங்கவில்லை. தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு போகிறவரிடம் செஃபலால்ஜியா என்று எழுதிக் கொடுக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் தலை, வலி. அவர் கொண்டுபோனதையே திருப்பித் தந்திருக்கிறார்கள், மடித்து இஸ்திரி போட்டு. இதை மிஸ்ஸிடம் கேட்கலாமா என்று யோசித்துவிட்டு, கேட்காமல் விட்டாள். நாற்காலி வேண்டியவள் இதையெல்லாம் கேட்கக்கூடாது.

தெருமுனையில் ஆஸ்பத்திரி வேன் ஹார்ன் அடித்தது. அவள் கணவரின் நெஞ்சிலும் வயிற்றிலும் இருந்ததையெல்லாம் பரபரவென்று பிய்த்துப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினாள். முன்பக்கம் சுத்தமாயிற்று. மூக்குக் கண்ணாடி டீவி மேலேயே இருந்துவிட்டது. அது இல்லாமல் அவளுக்கு எழுத்து என்பது எறும்பு ஊர்வதுதான்.

கூட்ட அறைக்குப் போய்ப் பையைத் துழாவியபோது தெரிந்தது. பக்கத்திலிருந்தவளின் போனை வாங்கிக் கூப்பிட்டாள்.

"ஏங்க, கண்ணாடியை விட்டுட்டேன். ஒரு நடை கொண்டாந்து குடுத்துட்டுப் போங்களேன்."

"ஊரு உடம்பையெல்லாம் பிரிச்சு மேயுற, உன் மூக்கு மேல இருக்கிறது நினைவில்லையா? இரு, வர்றேன்."

அதன்பின் நடந்ததை ட்ராலிக்காரர் பிற்பாடு பல பேரிடம் பல விதமாகச் சொன்னார். பொதுவாக இருந்தது இவ்வளவுதான். தையல்காரர் வாசலில் நுழைந்து எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றிருக்கிறார். முதுகில் மஞ்சள் ஸ்டிக்கர், அதில் ஸ்டிக்கரக்காவின் கையெழுத்தில் 'நெஃப்ரோ'. ட்ராலிக்காரரும் வகுப்புக்குப் போகிறவர். நெஃப்ரோ என்றால் சிறுநீரகம் என்று அவருக்கும் தெரியும். தெரிந்ததைப் பயன்படுத்த அன்றுதான் சந்தர்ப்பம் வாய்த்தது.

"உக்காருங்க ஐயா."

"நான் கண்ணாடி குடுக்க வந்தவன்ப்பா."

"ஆமாமா, குடுத்துடலாம். உக்காருங்க."

"என் சம்சாரம் இங்கதான் வேலை செய்யிறா."

"எல்லார் சம்சாரமும் இங்கதான்யா. காலை மேல வைங்க, சக்கரத்துல மாட்டிக்கும்."

சட்டம் சட்டம்தானே. அவர் பேசப் பேச, ட்ராலிக்காரர் இன்னும் வேகமாகத் தள்ளினார்.

இங்கே கூட்ட அறையில் பரீட்சை ஆரம்பித்துவிட்டது. மிஸ் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவாள். வாசித்து, பிரித்து, பொருள் சொல்ல வேண்டும். மேலாளர் ஓரமாக உட்கார்ந்து கவனித்தார். தன்னைக் கடைசியில் கூப்பிடச் சொல்லிவிட்டு அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் யாராவது டீ கொண்டுவந்தார்கள். கடை வாசலில் வாடிக்கையாளர் யாராவது அவரைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாள். மனிதர் பேச ஆரம்பித்தால் பொத்தானிலிருந்து ஆரம்பிப்பார்.

அவள் முறை வந்தது. அட்டையில் எறும்புகள் ஊர்ந்தன.

"மிஸ், நீங்க வாசிச்சா நான் பிரிச்சிடுவேன்."

"வாசிக்கிறதும் பரீட்சைதான்க்கா" என்றாள் மிஸ் சங்கடத்துடன்.

மேலாளர் பேனாவின் மூடியைத் திறந்தார். "சலவைக் கூடத்திலயும் பொறுப்பான ஆள் வேண்டியிருக்கு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அறையில் நீராவி அடித்ததுபோல் இருந்தது.

அப்போது மேசைப் போன் அடித்தது. மேலாளர் ஸ்பீக்கரைத் தட்டினார். சிறுநீரக வார்டு டாக்டர்.

"சார், ஒரு பேஷண்ட் வந்திருக்கார். ஃபைல் இல்ல. ஸ்டிக்கர் இருக்கு. ரத்தம், யூரின் எல்லாம் எடுத்தாச்சு, பெட்ல போட்டாச்சு. கையில லேடீஸ் கண்ணாடி ஒண்ணு வச்சிருக்கார், வாங்கப் போனா விடமாட்டேங்கிறார். கொஞ்சம் மனக்குழப்பமும் இருக்கும்போல. யார் அனுப்பினது?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. சொல்லாமல் இருந்தால் அவரைக் குழப்பத்துக்கும் மருந்து கொடுத்துப் படுக்கவைத்துவிடுவார்கள். சொன்னால், ஆஸ்பத்திரி ஸ்டிக்கரை வீட்டுக்குக் கொண்டுபோனது வெளியே வரும். அப்புறம் சலவைக் கூடம்கூட நிச்சயமில்லை.

"சார், அது என் வீட்டுக்காரர். அவருக்கு ஒண்ணுமில்ல. படிக்கிறதுக்காகக் காலையில நான்தான் அவர் முதுகுல ஒட்டினேன். எடுக்க மறந்துட்டேன்."

மிஸ் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டாள். மேலாளர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"அவருக்கு நோய் இல்ல?"

"இல்ல சார்."

"வார்டுக்கு வழி தெரியாது?"

"சத்தியமா தெரியாது சார்."

"வேண்டாம்னு சொல்லியிருக்கார்?"

"சொல்லாம இருந்திருப்பாரா சார்? அவர் வாய் சும்மா இருக்காது."

"அப்படியும் நேரா சரியான வார்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கார்." அவர் எழுந்தே விட்டார். "நோயே இல்லாத ஆளையே இவ்வளவு சுத்தமா கொண்டுபோய்ச் சேர்த்திருக்குன்னா, நோய் இருக்கிறவனை எப்படிச் சேர்க்கும்! இதைத்தான் நான் மேலிடத்துல சொல்லிக்கிட்டிருக்கேன். முறை. முறைதான் முக்கியம்." மிஸ்ஸின் பக்கம் திரும்பினார். "வாங்க, அங்கயே பரீட்சையை முடிச்சிடலாம்."

வார்டில் தையல்காரர் கோடுபோட்ட ஆஸ்பத்திரி அங்கியில் படுத்திருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து முதலில் அங்கியைத்தான் காட்டினார்.

"தோள் எங்க தொங்குது பாரு. இதைத் தச்சவன் ஆளைப் பார்த்திருக்கவே மாட்டான்." பிறகு கண்ணாடியை நீட்டினார். "இந்தா. இதுக்காக என் ரத்தத்தையே எடுத்துட்டாங்க."

டாக்டருக்கு ஒரு சிக்கல் இருந்தது. ரத்தம் ஆய்வகத்துக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. ஒரு நோயின் பெயரை எழுதாமல் ஆளை வெளியே விட அந்தக் கம்ப்யூட்டர் சம்மதிக்காது. நோயில்லை என்று எழுதுவதற்கு அதில் இடமில்லை. கொஞ்சம் யோசித்து ஒரு சொல்லை எழுதினார். மேலாளர் அந்தத் தாளை வாங்கி அவளிடம் கொடுத்தார்.

"இதுதான் உங்க கேள்வி."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். எறும்புகள் எழுத்துகளாகி நின்றன. நெஃப்ரால்ஜியா. சுலபமான சொல். அது சுலபமாக இருந்ததில் அவளுக்கு உண்டான சந்தோஷத்தில், அது யாருடைய தாள் என்பது ஒரு கணம் மறந்தே போயிற்று.

"நெஃப்ரோன்னா சிறுநீரகம். ஆல்ஜியான்னா வலி. சிறுநீரகத்துல வலி."

"சரி" என்றாள் மிஸ்.

"என்ன சரி?" என்றார் தையல்காரர். "எனக்கு எங்கயும் வலிக்கலையே."

"உங்களுக்கு வலிக்கணும்னு இல்லைங்க. வார்த்தையில வலி இருந்தாப் போதும்."

"அதுல எங்க இருக்கு?"

"கடைசியில."

அவர் மனைவியையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். இடுப்பின் பின்பக்கம் கையை வைத்து, சட்டை அளவு பார்ப்பதுபோல் மெல்ல அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப சொன்னப்புறம், லேசா இருக்கிற மாதிரித்தான் இருக்கு" என்றார்.

டாக்டர் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். மேலாளர் அவளுடைய பெயருக்கு நேராக ஒரு குறி போட்டார். போகும்போது, நடந்ததை அப்படியே மேலிடத்துக்கு எழுதப்போவதாகவும், அதில் கண்ணாடி விஷயம் வராது என்றும் சொன்னார்.

மறுநாள் அவள் வழக்கமான வேனில் போனாள். கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்தாள். நாற்காலி கொஞ்சம் உயரம். கால் தரைக்கு எட்டவில்லை. கீழே வைக்க ஒரு பழைய மருந்துப் பெட்டி கிடைத்தது. மைக் மதியம்வரை வேலை செய்யவில்லை. ஒரு பெண்மணி வந்து பல் டாக்டர் எங்கே என்று கேட்டாள். இவள் டென்டல் என்று சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண்மணி மறுபடியும் பல் டாக்டர் எங்கே என்று கேட்டாள். பல் டாக்டர் அறைக்கு வழி சொன்னாள். தையல்காரர் கடையைத் திறந்து, முந்தின நாள் நின்றுபோன ஒரு ரவிக்கையை முடித்தார். மாலை வீட்டில், எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று அவள் கேட்டாள். அவர் சொன்னார்.