தூசி இழுத்த சிவப்புக் கல்

நம்பினால் நம்புங்கள், கதை விடுகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். தர்மிகா இன்றும் லண்டன் மோர்டனில்தான் இருக்கிறாள். கேட்டால் அவளே சொல்வாள்.

அவளும் தம்பி லக்‌ஷனும் சிவப்பு, ரோஸ் நிற டூர்மலின் கற்கள் சேர்த்தவர்கள். பட்டை தீட்டாத, பென்சில்போல நீண்டு வளர்ந்த கற்கள். அவனிடம் இருந்த பெரிய சிவப்புக் கல்லுக்காக இருவருக்கும் எப்போதும் இழுபறி. போன ஐப்பசியில் லக்‌ஷன் மாரடைப்பில் போய்விட்டான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று அவன் வீட்டில் வைத்து அவன் மனைவி கஜந்தினி, "சாம்பலைக் கடலிலை கரைச்சிட்டன் மச்சாள்" என்றாள். கூடப்பிறந்தவளுக்கு ஒரு போன்கூட இல்லை! தர்மிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பிடாமல் எழுந்தவள், அந்தச் சிவப்புக் கல்லைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மறுநாளே அதன்மேல் சாம்பல் நிறத் தூசி. விளக்குச் சூடு பட்டால் டூர்மலின் தூசியை இழுக்கும்; கல் சேர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். கடதாசியால் துடைத்துக் குப்பையில் போட்டாள். அடுத்த நாளும் அதே அளவு. பக்கத்திலிருந்த கற்களில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

விளக்கை அணைத்தாள். கல் சில்லிட்டது. தூசி நிற்கவில்லை... விரலில் மணலாக நறநறத்தது.

"செத்தும் கல்லை விடமாட்டியோடா?" என்று கத்தினாள். துடைத்தாள். எறிந்தாள். ஒவ்வொரு நாளும்.

மார்கழியில் ஒரு வியாழக்கிழமை. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கீழே எங்கோ... சர்ர்ர்...

சுவரோரமாகச் சாம்பல் ஒரு கோடாக நகர்ந்து வந்தது. எறும்பு ஊர்வதுபோல... மெல்ல... பெட்டியை நோக்கி.

பெட்டி பூட்டியிருந்தது.

கோடு உள்ளே போனது.

அது வாசல் கதவின் தபால் துவாரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. வெளியே யாரும் இல்லை.

கஜந்தினிக்கு போன் எடுத்தாள்.

"அவனை எங்கையடி கரைச்சனீ? உண்மையைச் சொல்லு!"

அந்தப் பக்கம் அழுகை.

"கரைக்கேல்லை மச்சாள். எனக்கு மனம் வரேல்லை. பொய் சொல்லிப்போட்டன். என்ரை அலுமாரிக்குள்ளைதான் வைச்சிருக்கிறன். சுடலையிலை தந்த பெட்டியின்ரை சீல்கூட உடைக்கேல்லை."

"இப்ப உடை."

டேப் கிழியும் சத்தம் கேட்டது. மூடி திறந்தது.

"மச்சாள்... உள்ளுக்கு ஒண்டும் இல்லை."

தர்மிகா போனைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். இத்தனை நாளும் ஆத்திரத்தோடு துடைத்துத் துடைத்து எறிந்தது யாரை என்று அப்போதுதான் உறைத்தது. குப்பைத் தொட்டியின் மூடியைத் தூக்கினாள்.

காலி. கவுன்சில் குப்பை லொறி காலையிலேயே வந்து போயிருந்தது.