கணவர் என்னும் மாறிலி

“கேஸுக்கு வரி ஏத்தினா ராத்திரி சவாரியை நிறுத்திடுவீங்களா, இல்ல இன்னும் ஒரு மணி நேரம் கூட ஓட்டுவீங்களா?”

லஸ் முனை சிக்னலில் ஆட்டோ நிற்கும்போது அச்யுத் இப்படிக் கேட்டார். ஓட்டுநர் ரங்கன் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார்.

“இன்னா சார், ஏறுனதுலேர்ந்து கேட்டுக்கினே கீற. மந்தவெளிதான போவணும்?”

அச்யுத் அந்தப் பதிலையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். நேற்று இஸ்திரி போடும் முருகையனிடம் கேட்டார். அதற்கு முன்பு பெசன்ட் நகர் கடற்கரையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவரிடம் கேட்டு, எண்ணெய் தீயும்வரை விடவில்லை. வரியை ஏற்றினால் நீ என்ன செய்வாய் என்பதுதான் மனித குலத்திடம் அவருக்கு இருக்கும் ஒரே கேள்வி. யாரையாவது சௌக்கியமா என்று கேட்டதாகத் தகவல் இல்லை.

காரணம் இருக்கிறது. ‘எதிரொலி’ என்ற மென்பொருளைப் பெற்று வளர்த்து ஆளாக்கியவர் அச்யுத். ஒரு வீட்டில் யார் யார், என்ன சம்பாத்தியம், என்ன செலவு என்று அதற்குச் சொல்லிவிட்டு வரியைக் கொஞ்சம் கூட்டினாலோ குறைத்தாலோ போதும். அந்த வீட்டில் யார் கூடுதலாக உழைப்பார்கள், யார் குறைத்துக்கொள்வார்கள், யார் வேலையையே விட்டுவிட்டு வீட்டில் உட்கார்வார்கள் என்று புட்டுப் புட்டு வைக்கும். திறமூல மென்பொருள், காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், தப்பிருந்தால் திருத்தலாம். திருத்த வந்தவர்கள் பட்ட பாடு தனிக் கதை.

பிழைப்புக்குத் தரமணியில் ஒரு கம்பெனி. வாரத்துக்கு ஒரு நாள் போய் முகத்தைக் காட்டிவிட்டு வருவார். மற்ற நாட்களில் மந்தவெளி வீட்டுக் கூடத்தில், கம்பெனி வேலை ஒரு திரையிலும் எதிரொலி இன்னொரு திரையிலும் ஓட, நடுவில் எழுந்தருளியிருப்பார். பட்ஜெட் நாள் அவருக்குத் தீபாவளி. குளித்துப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு டீவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். பிள்ளை பாரத்துக்குக் காய்ச்சல் வந்தாலும் நிதியமைச்சர் பேசி முடித்த பிறகுதான் வரவேண்டும்.

எதிரொலிக்குள் குடும்பம் என்றால் முதல் நபர், இரண்டாம் நபர் என்று இரண்டு பேர். இரண்டாம் நபருக்கு எல்லா வசதியும் உண்டு. முழுநேரம் வேலைக்குப் போகலாம், பாதி நேரம் போகலாம், போகாமலும் இருக்கலாம். வரி நகர்ந்தால் அவரும் நகர்வார். முதல் நபர் நகரமாட்டார். வானமே இடிந்து விழுந்தாலும் வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடக் கணக்கில் மாறிலி என்று படித்தோமே, அதுதான் அவர்.

கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்யும் ஸ்நேஹா என்ற பெண், எதிரொலியின் இணையப் பக்கத்தில் ஒருநாள் கேட்டிருந்தார்: “கணவரோட நேரம் மட்டும் ஏன் சார் மாறவே மாட்டேங்குது?” அச்யுத் ஐந்து மேற்கோள்களுடன் ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினார். பிழையெல்லாம் இல்லை, அப்படித்தான் கட்டியிருக்கிறேன் என்பது சாரம். எழுதிய கையோடு கேள்வியை மூடினார். வெற்றிக் களிப்பில் இரண்டாவது காபி கேட்டார். கொண்டுவந்து கொடுத்தவர் அனு.

அனு அவருடைய மனைவி, பிசியோதெரபிஸ்ட். பாரத் பிறந்ததிலிருந்து அடையாறில் ஒரு கிளினிக்கில் அரைநாள் வேலை. இடுப்பு பிடித்துக்கொண்டவர்களும் முழங்கால் மடங்காதவர்களும் எத்தனை நேரமானாலும் காத்திருந்து அனுவிடம்தான் காட்டுவார்கள். போன திங்கட்கிழமை அனு சொன்னார்:

“வடபழனில புதுக் கிளை தொறக்கறா. பொறுப்பை என்னையே எடுத்துக்கச் சொல்றா. முழுநாள். காலம்பற ஏழு மணிக்கு அங்க இருக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வேணுமாம். நீ என்ன சொல்ற?”

அனுவுக்கு அந்த வேலை வேண்டும். இத்தனை வருஷமாக அரைநாளோடு எழுந்து வந்தவருக்கு, சொல்லும்போதே குரல் ஒரு படி ஏறியிருந்தது. வேறு வீடாக இருந்தால் எடுத்துக்கொள் என்றோ வேண்டாம் என்றோ ஒரு பேச்சு வந்திருக்கும். குறைந்தபட்சம் நல்லதாக ஒரு சண்டையாவது வந்திருக்கும்.

“இரு, எதிரொலில ஓட்டிப் பாக்கறேன்” என்றார் அச்யுத்.

ஓட்டினார். அனுவின் புதுச் சம்பளம் முதல்முறையாக வரிக்குள் வருகிறது. அதைப் போட்டார். போய்வரும் செலவு, சமையலுக்கு ஆள், சாயங்காலம் பாரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள், எல்லாவற்றையும் போட்டார். புதன்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டார். அவர் அங்கே வருவது விசேஷம்தான்.

“பாரு, நூத்துக்கு எழுபது வாய்ப்பு, நீ வேண்டாம்னு சொல்லப்போற.”

“நான் இன்னும் வாயே தொறக்கலையே.”

“தொறந்தா அதைத்தான் சொல்லுவ.”

அனு கையைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். “இதுல நான் எங்க இருக்கேன்?”

“இதோ, ரெண்டாவது நபர்.”

“நீ முதலாவதா? சரி. எனக்கு மூணு கட்டம் போட்டிருக்க. உனக்கு ஏன் ஒண்ணே ஒண்ணு?”

“அது மாறிலி. மாறாது.”

“யார் சொன்னா?”

ஸ்நேஹாவுக்கு எழுதிய ஐந்து மேற்கோள்களில் ஒன்றுகூட அச்யுத்துக்கு அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. “அதையும் மாறவிட்டா கம்ப்யூட்டர் திணறும், அனு.”

“திணறட்டுமே. நான் திணறலையா?”

ஒன்று சொல்லவேண்டும், அச்யுத் கணக்கில் ஏமாற்றுகிறவர் இல்லை. அன்றே முதல் நபரின் கட்டை அவிழ்த்துவிட்டார். வியாழக்கிழமை முழுவதும் மடிக்கணினி மிக்ஸி மாதிரி இரைந்தது. கடைசியில் விடை அப்படியே தலைகீழாக வந்தது. முதல் நபர் காலையில் கொஞ்ச நேரத்தை விட்டுக்கொடுத்தால், இரண்டாம் நபர் வேலையை ஏற்றுக்கொள்ள நூற்றுக்கு எழுபது வாய்ப்பு.

அச்யுத் துள்ளிக் குதித்தார். அனுவுக்காக இல்லை. எதிரொலியின் புதிய பதிப்பு அன்றைக்கே வெளியானது. ‘குடும்பங்களில் கணவர்களும் மாறக்கூடும் என்று தெரியவருகிறது’ என்று உலகத்துக்கு அறிவித்தார். ஸ்நேஹாவுக்குப் பெருந்தன்மையோடு நன்றி சொன்னார். நார்வேயிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கைத்தட்டல்கள் வந்து விழுந்தன. அடுப்படியில் இருந்தவருக்கு மட்டும் சேதி மறுநாள் காலையில்தான் கிடைத்தது.

“அப்ப திங்கக்கிழமைலேர்ந்து பாரத்தைக் கிளப்பி நீ வேன்ல ஏத்திடுவ?” என்றார் அனு.

“ஐயோ, அது சராசரிக் கணவன், அனு. நான்னு இல்ல. தனி ஆளைப் பத்தி மாடல் ஒண்ணும் சொல்லாது.”

“என்னைப் பத்தி மட்டும் சொல்லித்தே!”

அனு பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அச்யுத்தின் எதிரிலேயே கிளினிக்குக்குப் போன் போட்டார். “வரேன் மேடம். திங்கக்கிழமை ஏழு மணிக்கு அங்க இருப்பேன்.” வைத்துவிட்டு அதே போனில் ஏதோ தட்டினார். அச்யுத்தின் கைப்பேசி அதிர்ந்தது. பாரத்தின் வகுப்பு வாட்ஸப் குழுவான ‘2-பி மம்மீஸ்’ஸில் அவர் சேர்க்கப்பட்டிருந்தார். அடுத்த வரியில் அனு குழுவிலிருந்து வெளியேறியிருந்தார்.

அச்யுத் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அனு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். உள்ளிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. அந்த வீட்டில் காலை நேரத்தில் யாரும் பாடி அவர் கேட்டதில்லை.

கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. ‘திங்கட்கிழமை பச்சை கலர் சார்ட் பேப்பர். மறக்காதீங்க மம்மீஸ்.’ அதன் கீழேயே இன்னொன்று: ‘புது நம்பர் யாரு? நீங்க யாரோட மம்மி?’

அச்யுத் நெற்றியைத் தடவினார். தன் பெயரை எழுதினார், அழித்தார். படிப்பையும் பதவியையும் சேர்த்து எழுதிப் பார்த்தார், அதையும் அழித்தார். கடைசியில் ‘பாரத் மம்மி’ என்று அனுப்பிவிட்டு, சார்ட் பேப்பர் எந்தக் கடையில் விற்கும் என்று யோசித்தபடி செருப்பை மாட்டினார்.