கேன் தண்ணீர்க் கம்பெனிப் பெண்

எங்கள் பக்கம் 'சுத்திகரிப்பு நிலையம்' என்றால் கேன் தண்ணீர்க் கம்பெனி என்றுதான் அர்த்தம். செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்த ரோட்டில் போனாலும் அந்தப் பெயரில் ஒரு போர்டும் அடியில் நீலக் கேன்களும் இருக்கும். நான் வேலை பார்ப்பதும் சுத்திகரிப்பு நிலையம்தான். ஆனால் எங்களிடம் வருவது செப்டிக் டேங்க் லாரி. வீடு வீடாக உறிஞ்சி வந்ததை எங்கள் தொட்டியில் இறக்கிவிட்டுப் போவார்கள். கசடு வெயிலில் காயும். தண்ணீர் ஜல்லிக்குள்ளும் கல்வாழை வேருக்குள்ளும் வடிந்து, நாற்றம் விட்டு, தெளிந்து, வாய்க்கால் வழியாகச் சங்கராபரணி ஆற்றில் சேரும். சேருவதற்கு முன் பாட்டிலில் பிடித்துச் சோதிப்பது என் வேலை. முன்பெல்லாம் இந்த லாரிகள் நேராக ஆற்றங்கரைக்கே போய்த் திறந்துவிடும். நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரியும்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஆற்றோடு கீழே போனால் வருகிற ஊர்க்காரர்கள். நைனா தரகரிடம் பொய் ஒன்றும் சொல்லவில்லை. "பொண்ணு சுத்திகரிப்பு நிலையத்துல இருக்குது" என்றார். மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொண்டார்கள்.

நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டே, "கல்யாணத்துக்குக் கேன் தண்ணி உங்க கம்பெனியிலேர்ந்தே எறக்கிடலாம் இல்லம்மா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

என் வாய் சும்மா இருக்குமா? தொட்டியில் ஆரம்பித்துக் கல்வாழை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டால் பெருமைப்படுவார்கள் என்றுகூட நம்பினேன். "உங்க ஊரு டேங்குக்கு ஆத்து போர்லேர்ந்துதான அத்தை தண்ணி ஏத்துறாங்க? அதுல இதெல்லாம் கலக்கக் கூடாதுன்னுதான் இவ்ளோ பாடு" என்றேன்.

அவர் டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார். அதுவரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, என் கைகளைப் பார்த்தார். "இன்னாங்க இது, கேன் கம்பெனின்னுதான சொன்னீங்க?" என்று அந்த அம்மாள் தரகரைக் கேட்டார். தரகர் நைனாவைப் பார்த்தார். தட்டில் பஜ்ஜி அப்படியே இருக்க, "போய்த் தகவல் சொல்றோம்" என்று எழுந்துவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று பெண் வீட்டுக்காரர்கள் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாள் வேலையில் வாய்க்கால் ஓரம் பாட்டிலோடு உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மாள்மேல் அப்படி ஒரு கோபம். ஆனாலும் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போது, அவர் வீட்டுக் குழாய்க்குக் கெட்டது எதுவும் போய்விடக் கூடாதே என்றுதான் பயந்தேன். அந்தப் பயம் எனக்கே பிடிக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது நைனா பக்கத்தில் வந்து நின்றார். எதையாவது கேட்கத் தயங்கினால் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பார்.

"அனந்தபுரத்துல ஒரு எடம் வந்திருக்குதும்மா. இப்பவே பாக்க வரட்டுமான்னு கேக்குறாங்க."

"வரட்டும் நைனா."

"பொண்ணு வீட்ல சும்மாதான் இருக்குதுன்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லிடு நைனா" என்றேன்.

அவர் கொடிப்பக்கம் போனார். இன்னும் சொட்டிக்கொண்டிருந்த என் யூனிஃபார்மை எடுத்து, ஈரத்தோடு மடித்து, உள்ளே கொண்டுபோய் வைத்தார்.