தறியை நிறுத்தி வைஃபை பார்த்த கதை

அப்டேட் ஆசை

காலையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு ரவுட்டரை மதியத்துக்குள் ஓடாமல் செய்தவன் நான். திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அப்போது கடை வைத்திருந்தேன். வாசலில் ‘நெட்வொர்க் ஸ்பெஷலிஸ்ட்’ என்று போர்டு. வீடுகளுக்கு பிராட்பேண்ட் வர ஆரம்பித்திருந்த காலம். பாஸ்வேர்டு மாற்றத் தெரிந்தவனெல்லாம் ஸ்பெஷலிஸ்ட்தான்.

ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி வைத்திருந்த முனிரத்தினம் போன் செய்தார். அவர் மகள் ரேவதியை மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஒரு பையன் அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரிலேயே பெண் பார்க்கப் போகிறான்.

“தம்பி, நெட்டு நல்லாத்தான் கீது. இருந்தாலும் ஒரு தபா வந்து பாத்துட்டுப் போ.”

பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அப்படியே டீ குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் கம்பெனி வெப்சைட்டில் அந்த மாடலுக்குப் புது ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள், வந்திருந்தது. முக்கியமான நாள், புதுசாகவே இருக்கட்டும் என்று அப்டேட் போட்டேன். ரவுட்டர் அணைந்து எழுந்தது. அதற்குப் பிறகு வைஃபை ஐந்து நிமிடம் நிற்கும், அறுந்துவிடும், தானாக வரும், மறுபடி அறுந்துவிடும்.

குற்றவாளி தறி

வைஃபை சேனலை மாற்றினேன். இரும்பு பீரோவை நகர்த்தினேன். நிலைக்கண்ணாடிக்குப் போர்வை போர்த்தினேன். ரேவதியின் அம்மா சமையலறை வாசலில் நின்று, “கண்ணாடி இன்னாப்பா பண்ணுச்சு?” என்று கேட்டார். சிக்னல் அதில் பட்டுத் திரும்பும் என்றேன்.

கீழே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மாடி வரை தரை அதிரும். அந்த வீட்டில் யாரும் சாதாரணமாகப் பேசி நான் கேட்டதில்லை, எல்லாம் கத்தல்தான். எனக்கு வழி கிடைத்துவிட்டது.

“மோட்டார்தாங்க சிக்னலை இழுக்குது. தறியைக் கொஞ்சம் நிறுத்தணும்.”

“நெட்டு பாக்கறதுக்குத் தறியை நிறுத்தணுமா?” என்றார் முனிரத்தினம். ஆனாலும் பெண்ணுக்காக நிறுத்தினார். தறி ஓட்டுபவர்கள் பீடி பிடிக்க வெளியே போனார்கள்.

அதே நேரத்தில் நான் ரவுட்டரின் பின்பக்கத் துளையில் குண்டூசியை அழுத்தி ரீசெட் செய்து, செட்டிங்ஸ் எல்லாவற்றையும் கையால் திரும்ப அடித்திருந்தேன். வைஃபை அறுபடாமல் நின்றது. பழைய செட்டிங்ஸின் மேல் புது ஃபர்ம்வேர் உட்கார்ந்ததுதான் கோளாறு, ரீசெட்தான் அதைச் சரிசெய்தது. எனக்கு அது அப்போது தெரியவில்லை.

“பாத்தீங்களா? தறிதான்!” என்று பெருமையாகச் சொன்னேன்.

மாடிப்படியில்

சாயங்காலம் ரேவதி பட்டுப் புடவையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் மாப்பிள்ளையும் அவன் அக்காவும் வந்தார்கள். சாப்பாடு, வெயில் என்று பேச்சு நன்றாகப் போனது. அக்கா, “அடுத்த மாசமே கல்யாணத்தை வச்சுக்கலாமா?” என்றாள். கட்.

திரும்ப வந்தது. மறுபடி கல்யாணத் தேதி. மறுபடி கட்.

என் சொந்த லேப்டாப்பில் சிக்னல் முழுசாகத் தெரிந்தது. அதை நான் நம்பவில்லை. “லேப்டாப்புக்கு நேரா கேபிளே போட்டுடறேன். பைக்குல போயி நீளமான கேபிள் எடுத்துகினு வந்துடறேங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ரேவதி பின்னாலேயே படிக்கு வந்தாள்.

“அண்ணா, கேபிள் எடுத்துகினு வராதீங்க.”

“ஏம்மா?”

கையில் இருந்த லேப்டாப்பைக் காட்டினாள். முன்விளிம்பில் நகத்தளவு ஒரு சுவிட்ச். வைஃபையை ஆன், ஆஃப் செய்வது. நகர்த்தினாள், விளக்கு அணைந்தது. புடவைத் தலைப்பு அதை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

“கடைசி வருசப் பரீட்சை கீதுண்ணா. எழுதிட்டுதான் கல்யாணம்னு சொன்னேன். நைனா காதுலயே வாங்கல.”

நியாயமாக எனக்கு அவள் மேல் இரக்கம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். கோளாறு என்னுடையது இல்லை! அடுத்த நிமிடம் அதுவும் போய்விட்டது. மேலே போய் உண்மையைச் சொன்னால் என் பெயர் பிழைக்கும், அவள் மாட்டிக்கொள்வாள்.

மேலே போனேன். “கேபிள் போட்டாலும் ஒண்ணும் ஆவாதுங்க. ரவுட்டர்ல போர்டே போயிடுச்சு” என்றேன்.

முனிரத்தினம் வெடித்துவிட்டார். “நல்லா கீறதை நோண்டிட்டு, இப்போ போயிடுச்சுன்றியா? கடை போர்டுல பேரு எழுதி மாட்டிகினா போதுமா? நாளைக்கே அரக்கோணத்துலேர்ந்து வேற ஆளைக் கூப்புடறேன்.”

“நைனா, அவரைத் திட்டாதீங்க” என்றாள் ரேவதி. “நான்தான் ஆஃப் பண்ணேன்.”

மதியம் நிறுத்திய தறி இன்னும் ஓடவில்லை, சத்தம் இல்லாத வீடு. அவள் மெதுவாகச் சொன்னதே எல்லோருக்கும் கேட்டது. பரீட்சை, மேலே படிக்க ஆசை, ஒரே மாதத்தில் மஸ்கட் போகப் பயம், எல்லாவற்றையும் சொன்னாள்.

“இதை எப்போ என்கிட்ட சொன்ன?”

“ரெண்டு வாட்டி சொன்னேன் நைனா. தறிகிட்ட வந்து.”

“தறிகிட்ட வந்து சொன்னா எனக்கு இன்னா கேக்கும்?”

உண்மையிலேயே கேட்கவில்லையா, கேட்காத மாதிரி இருந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் செய்து, பரீட்சை முடியட்டும் என்றார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அது சரி தம்பி, தறியை எதுக்கு நிறுத்தச் சொன்ன?”

நான் நிலைக்கண்ணாடியின் மேல் இருந்த போர்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

பிற்பாடு

மஸ்கட்காரர்கள் காத்திருக்கவில்லை. ரேவதி பரீட்சை எழுதினாள், மேலே படிக்கவும் போனாள். முனிரத்தினம் அதன் பிறகும் என்னைத்தான் கூப்பிட்டார். “நீ தொடறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டுட்டுத் தொடு” என்பார்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு: நன்றாக ஓடுகிற ரவுட்டருக்கு, வீட்டில் விசேஷம் இருக்கிற நாளில் அப்டேட் போடாதீர்கள். போட்டுவிட்டால் ரீசெட் செய்து செட்டிங்ஸைக் கையால் அடியுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு வைத்தியம் செய்யாதீர்கள், எது குணமாக்கியது என்று தெரியாது. இவ்வளவும் பார்த்த பிறகும் நெட் அறுந்தால், ரவுட்டரை விட்டுவிட்டு அந்த வீட்டில் இருப்பவர்களின் முகத்தைப் பாருங்கள். அதற்கு நான் தனியாக சார்ஜ் செய்வதில்லை.